கவட்டைத் துளையை அடைக்க பயோடென்டின்: ஒரு பல் மருத்துவரின் மதிப்பீடு

பயோடென்டின் என்னும் பற்சிமென்டுக்குப் பல வேலைகள் உண்டு. ஆழமான சொத்தையைச் சுரண்டிய பின், பல்லுக்குள் இருக்கும் மென்திசுவான பல்கூழைக் காப்பதற்கும், பால்பல்லில் கூழின் மேற்பகுதியை மட்டும் நீக்கி மூடுவதற்கும், வளர்ச்சி முடியாத வேரின் அகன்ற நுனியை அடைப்பதற்கும் அதை நான் கையாண்டிருக்கிறேன். ஆனால் இந்த மதிப்பீடு ஒரே ஒரு பயன்பாட்டைப் பற்றியது: வேர்சிகிச்சையின்போது மருத்துவரின் கருவியால் தவறுதலாக விழுந்துவிடும் துளையை அடைக்க அது எந்த அளவுக்கு உதவுகிறது என்பது. முதல் பெட்டியை 2014 ஆம் ஆண்டில் வாங்கினேன். அன்றிலிருந்து நானே உண்டாக்கிய துளைகள் சிலவற்றையும், வேறிடங்களில் உண்டாகி என்னிடம் அனுப்பப்பட்ட துளைகள் பலவற்றையும் அதைக் கொண்டு அடைத்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைவாய்ப்பல்லின் வேர்கள் பிரியும் கவட்டையில் விழும் துளைக்கு இன்று என் கை முதலில் நாடுவது இதைத்தான். வேரின் நடுப்பகுதியிலோ நுனியருகிலோ விழும் துளைக்கு நான் வேறொன்றை எடுப்பேன்.

பல் மருத்துவம் படிக்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், துளை என்று எதைச் சொல்கிறேன் என விளக்கிவிடுவது நல்லது. பல்லின் நடுவே கூழறையும், அதிலிருந்து வேர்நுனி வரை செல்லும் நுண்ணிய கால்வாய்களும் இருக்கின்றன. வேர்சிகிச்சை என்பது அந்த வழியே சென்று, நோயுற்ற கூழை அகற்றி, சுத்தம் செய்து அடைப்பது. கருவி அந்த வழியை விட்டு விலகிப் பல்லின் சுவரையோ தளத்தையோ குடைந்து வெளியே போய்விட்டால், பல்லின் உட்புறத்துக்கும் அதைத் தாங்கும் எலும்புக்கும் இடையே, இயற்கையில் இல்லாத ஒரு வாசல் திறந்துவிடுகிறது. அதுவே துளை, மருத்துவர்கள் தமக்குள் பெர்ஃபரேஷன் என்பார்கள். வேர்சிகிச்சை செய்யப்பட்ட பற்களில் ஏறத்தாழ 2 முதல் 12 விழுக்காடு வரை இது நேர்வதாக ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. வயது ஏற ஏறக் கூழறை சுண்ணமேறிச் சுருங்கிவிட்ட பல், மேலே தொப்பி மாட்டப்பட்டுச் சாய்வு மறைந்துபோன பல், ஏற்கெனவே அடைத்ததைத் தோண்டி மீண்டும் செய்யவேண்டிய பல் ஆகியவற்றில் அனுபவம் மிக்க கையும் வழி தவறும். கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்வேரில், கவட்டையை நோக்கிய சுவர் மிக மெல்லியது. அங்கே கால்வாயை அளவுக்கு மீறி அகலப்படுத்தினால் சுவர் நீளவாக்கில் கிழிவதுபோல் திறந்துகொள்ளும்.

துளையின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவை மூன்று: அது விழுந்து எவ்வளவு காலம் ஆயிற்று, எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது. 1996 இல் ஃபுஸ், ட்ரோப் ஆகிய இருவரும் முன்வைத்த வகைப்பாடு இந்த மூன்றையும் அடிப்படையாகக் கொண்டது; இன்றும் பாடநூல்கள் அதையே பின்பற்றுகின்றன. எலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில் விழும் துளைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஈறின் ஒட்டுதல் அதற்கு மிக அருகில் இருப்பதால், கிருமிகள் புகுந்து அழற்சி நீடித்தால் எலும்பு கரைந்து, ஈறின் இடுக்கு துளையோடு சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்த பிறகு எந்தச் சிமென்டாலும் பயன் இல்லை. கவட்டைத் துளை பெரும்பாலும் இந்த வரம்புக்கு அருகில்தான் விழுகிறது. ஆகவே அதை அடைக்கும் பொருளிடம் நான் முதலில் எதிர்பார்ப்பது வேகம். வலிமை, நிறம், விலை எல்லாம் அதற்குப் பின்புதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நானே உண்டாக்கிய ஒரு துளையைச் சொல்கிறேன். 40களில் இருந்த ஓர் ஆசிரியைக்குக் கீழ்த்தாடையின் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல்லில், பழைய தொப்பியின் வழியே திறந்து வேர்சிகிச்சை தொடங்கினேன். கூழறை ஏறத்தாழ முழுவதும் சுண்ணமேறி இருந்தது. இயல்பான கூழறையின் தளம் சுவர்களைவிடக் கருமையாகத் தெரியும். கால்வாய்களின் வாய்கள் அந்தக் கருமையின் விளிம்பில் இருக்கும். அந்தக் கருமை கண்ணுக்குப் படுவதற்கு முன்பே குடையும் முனையான பர் இன்னும் சிறிது இறங்கியது. சுண்ணத்தைக் குடைவதாக நினைத்த இடத்தில் சட்டென ஒரு சொட்டு இரத்தம் ஊறியது. கால்வாயின் வாயிலிருந்து வரும் இரத்தம் அப்படிப் பளிச்சென்று இருக்காது. கால்வாயைச் சுரண்டும் மெல்லிய ஃபைலை அதில் வைத்து, வேர்நுனி எங்கே என்று காட்டும் ஏபெக்ஸ் லொக்கேட்டர் கருவியோடு இணைத்தேன். வேரின் நீளத்தில் கால் பங்குகூடப் போகாத நிலையில், வேர்நுனியைத் தாண்டிவிட்டதாகக் கருவி ஒலித்தது. ஐயத்துக்கு இடமில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது துளை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலம் இருந்தது.

கருவியை வெளியே எடுத்துவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி அவரிடம் சொன்னேன்: "அம்மா, பல்லின் அடித்தளத்தில் என் கருவி பட்டு ஒரு சிறு துளை விழுந்துவிட்டது. அதை இப்போதே அடைக்க முடியும். அடைக்காமல் விட்டால் பல் நிலைக்காது." அவர் கேட்டது ஒன்றுதான்: "பல்லை எடுக்கணுமா டாக்டர்?" வேண்டாம், முயன்று பார்க்கலாம் என்றேன், அடைப்பதற்கான செலவு உங்களுடையது அல்ல என்றும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு மீண்டும் சாய்ந்துகொண்டார். அந்தக் கணத்தில் என் இழுப்பறையில் என்ன இருந்தது என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாயிற்று.

ஒரு தலைமுறைக்கு முன் இந்தத் துளைகளைப் பாதரசக் கலவையான அமல்கமால் அடைத்தார்கள். துத்தநாக ஆக்சைடு சார்ந்த சிமென்டுகளாலும், கண்ணாடி அயனோமராலும், கட்டா பெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பொருளாலும்கூட அடைத்தார்கள். இவற்றில் எதுவும் ஈரத்தில் நன்றாக ஒட்டவில்லை. எலும்பும் இவற்றை உவந்து ஏற்கவில்லை. இரத்தம் ஊறும் இடத்தில் உலர்ந்த நிலை வேண்டும் என்று கேட்கும் பொருளை வைத்துக்கொண்டு எவ்வளவு திறமை இருந்தும் என்ன செய்வது? அதை மாற்றியது எம்.டி.ஏ. (மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட்) என்னும் சிமென்ட். கலிஃபோர்னியாவிலுள்ள லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தோராபிநேஜாதும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய இந்தப் பொருளைப் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை 1993 இல் வெளிவந்தது; அந்தக் கட்டுரையே வேரின் பக்கவாட்டுத் துளையை அடைப்பது பற்றியதுதான். அதில் முக்கால் பங்கு போர்ட்லண்ட் சிமென்ட். வீடு கட்டும் சிமென்டின் உறவுதான். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக 20 விழுக்காடு பிஸ்மத் ஆக்சைடும், மீதிக்கு ஜிப்சமும் சேர்த்தார்கள். சிமென்ட் இறுகுவதற்கே தண்ணீர் தேவை. ஆகவே இதுவரை எதிரியாக இருந்த ஈரம் நண்பனாயிற்று. தண்ணீரோடு வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு வெளியாகி, கலந்தவுடன் 10.2 ஆக இருக்கும், காரத்தன்மையைக் காட்டும் பி.எச். மூன்று மணி நேரத்தில் 12.5 வரை ஏறுகிறது. கிருமிகளுக்கு அது ஒவ்வாது. வெளியேறும் கால்சியம் திசுநீரின் பாஸ்பேட்டோடு சேர்ந்து மேற்பரப்பில் எலும்பின் கனிமத்தை ஒத்த படலத்தை உண்டாக்குகிறது. விலங்குகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் படலத்தின் மேல் வேரின் இயற்கையான மேலுறையாகிய சிமென்டம் புதிதாக வளர்ந்ததையும் கண்டார்கள். ஹைடல்பர்க்கில் மென்டேயும் குழுவினரும் எம்.டி.ஏ.வால் அடைத்த 64 துளைகளைப் பின்தொடர்ந்து 2014 இல் வெளியிட்ட கட்டுரையில் 86 விழுக்காடு ஆறியிருந்தன. பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவந்த ஒரு நிலைக்கு இது மிக நல்ல கணக்கு என்றே நான் கருதுகிறேன்.

அப்படியிருக்க, எம்.டி.ஏ.வை விட்டு ஏன் வேறொன்றுக்குப் போகவேண்டும்? ஆரம்பகால எம்.டி.ஏ. முழுதாக இறுக 2 மணி 45 நிமிடம் ஆகும். கவட்டைத் துளைக்கு இதுதான் பெரிய இடர். ஈரப் பஞ்சு வைத்துத் தற்காலிகமாக மூடி, நோயாளியை வீட்டுக்கு அனுப்பி, இன்னொரு நாள் வரச்சொல்ல வேண்டும். இறுகாத பொருளின் மீது கிருமிநாசினித் திரவமான ஹைப்போகுளோரைட்டைப் பீய்ச்சிக் கால்வாயைக் கழுவ முடியாது. கழுவினால் வைத்தது கரைந்து போகும். கலந்த பொருள் ஈர மணலைப்போல் உதிரும். கொண்டுசெல்லும் கருவியிலிருந்து துளைக்குள் விழுவதற்குள் பாதி சிதறிவிடும். பிஸ்மத் ஆக்சைடு ஹைப்போகுளோரைட்டோடு சேரும்போது கருத்துவிடுவதால் முன்பற்களில் பல் கருக்கும் என்பது இன்னொரு குறை. வெள்ளை எம்.டி.ஏ. வந்த பிறகும் அந்தக் குறை முற்றிலும் நீங்கவில்லை. பிற்காலத்தில் வந்த சில எம்.டி.ஏ. வகைகள் விரைவாக இறுகுகின்றன என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். விலை அதிகம் என்பதால் திறந்த பொட்டலத்தின் மீதியை எப்பென்டார்ஃப் என்னும் சிறு பிளாஸ்டிக் குழாயில் இறுக மூடி வைத்து அடுத்த நோயாளிக்குப் பயன்படுத்தும் வழக்கம் நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. நானும் அப்படிச் செய்தவன். மழைக்காலத்தில் அந்தத் தூள் ஈரம் குடித்துத் தன் குணத்தை இழந்துவிடும் என்பதை உணர்ந்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

பயோடென்டின் பிரான்சின் செப்டோடோன்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் அடிப்படையும் கால்சியம் சிலிக்கேட்தான். ஆனால் போர்ட்லண்ட் சிமென்டை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தூய ட்ரைகால்சியம் சிலிக்கேட்டைத் தயாரித்துப் பயன்படுத்துகிறார்கள். கால்சியம் கார்பனேட் நிரப்பியாகச் சேர்கிறது. பிஸ்மத் ஆக்சைடுக்குப் பதிலாக சிர்கோனியம் ஆக்சைடு சேர்வதால் எம்.டி.ஏ.வைப் போன்ற கருமை ஏறுவதில்லை. வேகத்தின் காரணம் திரவத்தில் இருக்கிறது. அதிலுள்ள கால்சியம் குளோரைடு இறுகுவதை விரைவுபடுத்துகிறது. உடன் சேர்க்கப்பட்ட இன்னொரு பொருள் தண்ணீரின் அளவைக் குறைத்தும் குழைவைக் காக்கிறது. கட்டடத்துக்குக் காங்கிரீட் போடுபவர்கள் இந்த இரண்டு உத்திகளையும் நெடுங்காலமாக அறிவார்கள். கேப்ஸ்யூலைத் தட்டித் தூளைத் தளர்த்தி, திறந்து, ஐந்து சொட்டுத் திரவம் விட்டு, நிமிடத்துக்கு 4000 முதல் 4200 முறை சுழலும் கலக்கி இயந்திரத்தில் 30 நொடி வைக்கவேண்டும். கலக்கத் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 12 நிமிடத்தில் இறுகிவிடும். அந்தப் 12 நிமிடம்தான் இந்தப் பொருளை என் கையில் நிறுத்தியிருக்கிறது.

அன்றைக்கு நடந்ததைத் தொடர்கிறேன். முதலில் இரத்தத்தை நிறுத்தவேண்டும். துளை வழியே ஹைப்போகுளோரைட்டை விடவே கூடாது. அது எலும்பையும் திசுவையும் எரித்துவிடும். உப்புநீரான சலைனால் மென்மையாகக் கழுவி, சலைனில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் சில நிமிடம் அழுத்தினேன். ஈறிலிருந்து கசியும் இரத்தத்தை நிறுத்தப் பயன்படும் ஃபெரிக் சல்ஃபேட்டை இங்கே கொண்டுவருவதில்லை. எலும்பில் தங்கினால் அது புண் ஆறுவதைக் கெடுக்கும். இரத்தம் நின்ற பின், அடைப்பதற்கு முன்பாகவே உண்மையான கால்வாய்களின் வாய்களைத் தேடிக் கண்டேன். இந்த வரிசை முக்கியமானது. கால்வாய்களைக் காணாமல் தளத்தில் சிமென்டைப் பரப்பிவிட்டால், இறுகியபின் அவற்றைத் தேடுவது இரண்டாவது துளைக்கு வழி வகுக்கும். கண்ட வாய்களில் கட்டா பெர்ச்சாக் குச்சிகளைச் செருகி வைத்தேன். துளை 1 மில்லிமீட்டர்தான் என்பதால் அடியில் தடுப்பு எதுவும் வைக்கவில்லை. அகன்ற துளையாயின், சிமென்ட் எலும்புக்குள் வழிந்துவிடாதபடி கொலாஜன் துண்டை முதலில் தாங்கலாக வைப்பேன். பிறகு பயோடென்டினைச் சிறுசிறு உருண்டைகளாக எடுத்துவைத்து, உலர்ந்த பஞ்சால் மெல்ல அமுக்கினேன். ஓங்கி இடித்தால் அதன் உள்ளமைப்பு கெடும். தண்ணீர் பட்டால் மேற்பரப்பு கரையும். ஆகவே காத்திருந்தேன். இறுகியபின் அதன்மேல் கண்ணாடி அயனோமரை மெல்லிய அடுக்காக இட்டு, குச்சிகளை எடுத்துவிட்டுக் கால்வாய்களின் வேலையை அன்றே, வழக்கமான ஹைப்போகுளோரைட்டோடு தொடர்ந்தேன். எம்.டி.ஏ. வைத்திருந்தால் அவர் அன்று திறந்த தளத்தோடும் தற்காலிக மூடியோடும் வீட்டுக்குப் போயிருப்பார்.

குறைகளுக்கு வருகிறேன். எக்ஸ்ரேயில் பயோடென்டின் மங்கலாகத்தான் தெரியும். பிஸ்மத் கொண்ட எம்.டி.ஏ. வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சிடும்; சிர்கோனியம் ஆக்சைடு குறைந்த அளவில் உள்ள இந்தப் பொருளோ பல்லின் உட்பகுதியான டென்டினின் சாயலோடு கலந்து மறைந்துவிடும். அடைத்த இடம் முழுதாக நிரம்பியதா, எலும்புக்குள் எவ்வளவு வழிந்தது என்பதைப் படத்தில் தேடுவது சிரமம். இந்தக் குறை கட்டுரைகளிலும் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. கவட்டையில் நான் நேரில் பார்த்து அடைப்பதால் அதைப் பொறுத்துக்கொள்கிறேன். வேரின் நடுவிலோ நுனியருகிலோ படமே கண்ணாக இருக்கும்போது பொறுக்க முடியாது. இரண்டாவதாக, ஒரு கேப்ஸ்யூலில் உள்ள தூள் 0.7 கிராம். ஒரு மில்லிமீட்டர் துளைக்கு அதில் மிகச் சிறு பகுதிதான் தேவைப்படுகிறது, மீதி வீண். சிறிய அளவில் எளிதாகக் கிடைக்குமானால் நம்மைப் போன்ற சிறுநகர மருத்துவமனைகளுக்குப் பேருதவியாக இருக்கும். மூன்றாவது, கலக்கி இயந்திரம் இல்லாத இடத்தில் இது பயன்படாது. கையால் கலந்தும் செய்யலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஐந்து சொட்டுக்கும் 30 நொடிக்கும் கட்டுப்பட்டதுதான் அந்தக் குழைவு.

அழுத்தத்தைத் தாங்கும் வலிமையைப் பெருமையாகச் சொல்வார்கள். எம்.டி.ஏ. 24 மணி நேரத்தில் 40 மெகாபாஸ்கல். உற்பத்தியாளரின் கணக்குப்படி பயோடென்டின் அதே நேரத்தில் ஏறத்தாழ 200. கூழறையின் தளத்தில் நேரடியாக மெல்லும் விசை படுவதில்லை என்பதால், இந்த எண் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

குழைத்தே வரும் பயோசெராமிக் புட்டி வகையும் இப்போது கிடைக்கிறது. கனடாவில் உருவான எண்டோசீக்வென்ஸ் அதில் ஒன்று. ஐரோப்பாவில் டோட்டல்ஃபில் என்று விற்கிறார்கள். கலக்கும் வேலை இல்லை, உருட்டி வைக்கலாம், எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரியும், தேவையான அளவு மட்டும் எடுக்கலாம். வேரின் நடுப்பகுதித் துளைக்கும் நுனியருகே விழும் துளைக்கும் நான் எடுப்பது இதைத்தான். ஆனால் அது சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது, மணிக்கணக்கில் ஆகும். அதே நாளில் தளத்தைக் கழுவி வேலை தொடர விரும்பும் இடத்தில் எனக்கு அது ஒத்துவரவில்லை. நீளவாக்கில் கிழிந்த சுவருக்கோ இந்த மூன்றில் எதை வைத்தாலும் முடிவு நம்பகமாக இல்லை. அங்கே நோயாளியிடம் நான் உறுதி எதுவும் தருவதில்லை.

அந்த ஆசிரியையின் பல்லுக்கு ஆறு மாதத்திலும், ஓராண்டிலும், மூன்றாண்டிலும் படம் எடுத்தேன். எலும்பு கரைந்ததைக் காட்டும் கருநிழல் கவட்டையில் இல்லை. ஈறின் இடுக்கை அளந்தபோது 3 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. புதிய தொப்பியோடு அந்தப் பக்கத்தில் மென்று சாப்பிடுகிறார். அதே ஆண்டில் வேறொரு மருத்துவமனையில் துளை விழுந்து, ஏதும் சொல்லப்படாமல் தற்காலிகமாக மூடப்பட்டு, ஐந்து மாதம் கழித்து வலியோடு என்னிடம் வந்த ஒருவருக்கும் இதே பொருளை, இதே முறையில் வைத்தேன். அவருடைய துளையும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் அளவுகோல் ஈறின் இடுக்கில் 8 மில்லிமீட்டர் இறங்கித் துளையைத் தொட்டது. பத்து மாதத்தில் அந்தப் பல்லை எடுக்கவேண்டி வந்தது. அந்தத் தோல்வியை நான் பயோடென்டினின் கணக்கில் எழுதவில்லை.

ஆகவே எனக்கு நோயாளிகளை அனுப்பும் மருத்துவ நண்பர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். கேப்ஸ்யூலும் கலக்கியும் உங்களிடம் இல்லையென்றால், துளையை வேறு எதைக் கொண்டும் நிரந்தரமாக அடைக்க முயலவேண்டாம். அடைத்ததைத் தோண்டி எடுக்கும்போது துளை பெரிதாகிறது. சலைனால் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடை வைத்து மேலே இறுக மூடுங்கள். நடந்ததை நோயாளியிடம் சொல்லி, துளை எந்த இடத்தில், எத்தனை மணிக்கு விழுந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, முடிந்தால் அன்றைக்கே, தவறினால் மறுநாள் காலையில் அனுப்பிவிடுங்கள். என் இழுப்பறையில் எப்போதும் இரண்டு கேப்ஸ்யூல்கள் இருக்கின்றன. காலாவதித் தேதியை மாதத்தின் முதல் நாளன்று நானே பார்த்துவிடுகிறேன்.